புளி போட்டு வெளக்கின கம்பித் தட்டு

பாத்து தாயி, பாத்து உக்காரு. இடிச்சிருச்சா? அம்மாங்கிற, நல்லாப் பட்டிருச்சு போல. எங்க, காலைக் காட்டு. ரத்தம் வரல. சாக்குக்குள்ள இருந்தாலும் அது இரும்பு. வார்ப்பு இரும்பு, மூணு தட்டு. கண்டக்டரு சீட்டுக்கு அடியில தள்ளச் சொன்னான், தள்ளினேன், வண்டி கொஞ்சம் ஆடுனா வெளிய வந்துருது. நீ காலை இந்தப் பக்கம் வச்சுக்க. இந்தா, ஆரஞ்சு. எங்க கொல்லையில காய்ச்சது. திங்காட்டியும் தோலை மோந்துக்கிட்டே வா, வத்தலக்குண்டு போற வரைக்கும் கொமட்டாது.

நீ பண்ணைக்காட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் புதுசா வந்திருக்கிற டீச்சருதானே. விருதுநகர்னு சொன்னாங்க. அம்மாவப் பாக்கப் போறியா? போ போ. நானும் எம் பொண்ணைப் பாக்கத்தான் போறேன். பெரியகுளம் பைபாஸ்ல கடை வச்சிருக்காங்க, வீடும் அதுக்குப் பின்னாலதான். ஒம்பதாம் மாசம், நாளைக்கு வளைகாப்பு. வளையலு இந்தப் பையில இருக்கு. சாக்குல கம்பித் தட்டு.

வளைகாப்புக்கு எதுக்கு இரும்புன்னு பாக்குற. எல்லாரும் அப்படித்தான் பாக்குறாங்க. அது ஒருத்தி மூஞ்சிக்கு நேரா வைக்கிறதுக்கு. எல்லாரும் கூடி இருக்கும்போது, சீர்த்தட்டுல, வளையலுக்குப் பக்கத்துல வச்சுட்டு அவளை ஒரு பார்வை பாக்கணும். அதுக்காகத்தான் பன்னெண்டு கிலோவத் தூக்கிக்கிட்டு வாரேன்.

யாரா? எங்க சம்பந்தியம்மா. லோகமணின்னு பேரு. எம் பொண்ணு ரஞ்சனியோட மாமியாரு.

எம் பேரு பவுனுத்தாய். நம்ம ஊருல மேல காப்பித் தோட்டத்துக்குள்ள ஒரு பங்களா இருக்குல்ல, பச்சைத் தகரம் போட்டது, அதுல பதினோரு வருசம் சமையல், காவல், பாத்திரம், கூட்டுறது, எல்லாம் நான்தான். எங்க வீட்டுக்காரரு போனதுலருந்து அந்த வேலையிலதான் பொண்ணைப் படிக்க வச்சேன். சனி ஞாயிறானா கோயமுத்தூரு, மெட்ராஸுன்னு கார்ல வந்து எறங்குவாங்க. வந்ததும் கேக்குற முதல் கேள்வி, பார்பிக்யூ இருக்கான்னுதான். கரியப் போட்டு, மேல கம்பித் தட்டை வச்சு, கோழிய அதுல சுட்டுத் திங்கணும். அதுக்குத்தானே மலை ஏறி வர்றாங்க. அவங்க ஆடிட்டுப் படுத்துருவாங்க. மறுநாள் காலையில அந்தத் தட்டு எங்கிட்ட வரும்.

தாயி, இரும்பப் பத்தி எனக்குத் தெரியும். நான் சும்மா பெருமைக்குச் சொல்லல. தோசைக்கல்லு வாங்குனா உங்க அம்மா என்ன பண்ணும்? பழக்கும்ல. எண்ணெயத் தடவி, வெங்காயத்த வச்சுத் தேச்சு, காய வச்சு, மறுபடி தடவி, பத்து நாள் பழக்குனாத்தான் தோசை எந்திரிக்கும். கம்பித் தட்டும் அதேதான். பழகுன இரும்பு கருப்பா இருக்கும். அந்தக் கருப்புதான் அதுக்குச் சட்டை. அதைச் சோப்புப் போட்டுத் தேய்க்கக் கூடாது, புளி காட்டவே கூடாது. சூட்டோட சூடா தேங்காய் நாரால இழுத்து விட்டு, ஒரு துணியில எண்ணெயத் தொட்டுத் துடைச்சு வச்சா, நம்ம ஆயுசுக்கும் வரும்.

இந்த மூணும் அந்தப் பங்களாவுலது. மொதலாளி கேஸ் அடுப்பு மாதிரி ஒண்ணு புதுசா வாங்கிட்டாரு. இதை எடுத்துத் தண்ணித் தொட்டிக்குப் பின்னால போட்டுட்டாங்க. ஒரு மழைக்காலம் பூரா கெடந்துச்சு. நான் போய்ப் பாக்கும்போது செக்கச் செவேல்னு துரு, தொட்டா ஏடு ஏடா உதிருது. காயலான் கடைக்காரனே இதுல பாதி மண்ணுன்னு சொல்லிட்டுப் போயிட்டான். நான் மொதலாளிக்கிட்டக் கேட்டேன். எடுத்துக்க பவுனுன்னாரு.

எதுக்குக் கேட்டேன்? மாப்பிள்ளை ராஜபாண்டி கடை ஆரம்பிக்கிறாரு. கரி அடுப்புல கோழி சுட்டு விக்கிற கடை. தாய்வீட்டுச் சீரா நான் என்னத்தக் கொண்டு போறது? தங்கமா இருக்கு? எங்கிட்ட இருக்கிறது இந்தக் கைதான். பங்குனி மாசம் முப்பது நாளும் அதோட மல்லுக்கட்டினேன். கம்பி பிரசு வச்சுத் துருவச் சுரண்டி, செங்கப்பொடி போட்டுத் தேச்சு, புளித்தண்ணியில ஊற வச்சு, மறுபடி தேச்சு. அப்ப புளி போடலாம், துரு போகணும்ல. இரும்போட அசல் நெறம் தெரியுற வரைக்கும் தேய்க்கணும். கழுவுன கையோட அடுப்புல போட்டுக் காய வைக்கணும், ஈரம் நிமிசம் நிக்கக் கூடாது. அப்புறம் நல்லெண்ணெய். தடவுறது பெருசில்ல, தடவுனத அம்புட்டையும் துடைச்சு எடுக்கணும், எண்ணெய் இருக்கான்னு சந்தேகம் வர்ற அளவுக்கு. அப்புறம் தீ. பொகை அடங்குற வரைக்கும். ஆற விட்டு மறுபடி. எட்டுத் தடவை. பொறங்கையில தோலு உரிஞ்சு போச்சு. கடைசியில பாத்தா, கருகருன்னு, வெரலை வச்சா வழுக்குது. நானே அதை மடியில வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தேன்.

கடை திறப்பு அன்னைக்குத் தாம்பாளத்துல வச்சு, மஞ்சள், குங்குமம், பூ, வாழைப்பழம் எல்லாம் சுத்தி வச்சு, எங்க சாதிசனம் ஒரு பத்துப் பேரோட போய் எறங்குறேன். லோகமணி வாசல்லயே நிக்கிறா. பட்டுச்சேலை. தாம்பாளத்தைப் பாத்தா. பாத்துட்டு எல்லாரு காதுலயும் விழுற மாதிரி சொல்றா, என்ன சம்பந்தி, சீருன்னு கரி புடிச்ச இரும்பைத் தூக்கிட்டு வந்திருக்கீங்க, வெளக்கக்கூட நேரம் இல்லையான்னு.

எல்லாரும் சிரிச்சாங்க. எங்க ஆளுகளும் சிரிச்சாங்க. அன்னைக்கு நான் அந்த வீட்டுல பச்சைத்தண்ணி குடிக்கல.

அவ வெளையாட்டாச் சொன்னாளாம். அப்புறம் ரஞ்சனி சொன்னா. அத்தைக்கு வாய் அப்படிம்மா, மனசுல ஒண்ணும் கெடையாதும்மான்னு. வாய்லருந்து வர்றது எங்கருந்து வருது, காலுலருந்தா வருது?

சரி, கேளு. கடை ஓடுச்சு. என்னமா ஓடுச்சுங்கிற. ஞாயித்துக்கிழமையானா கார் நிக்க எடம் கெடையாது. ஏன் ஓடுச்சு? எங் கம்பித் தட்டுல கோழி ஒட்டாது. தோலு கிழியாம, கோடு கோடா, படம் போட்ட மாதிரி எந்திரிச்சு வரும். ஆனா பேரு யாருக்கு? போர்டுல பாரு, லோகமணி கரி அடுப்புக் கோழின்னு இருக்கும். மாப்பிள்ளை வச்ச பேரு. அவ வேண்டான்னாளாம், மருமக பேரு வையின்னு சொன்னாளாம். அதெல்லாம் சும்மா, பேச்சுக்கு.

எம் பொண்ணையும் கைக்குள்ள போட்டுக்கிட்டா. கேட்டா நம்ப மாட்ட. உண்டானதுலருந்து காலையில பாலு, பேரீச்சம்பழம், மாதுளை. கடையில நிக்காத, உக்காருன்னு தனியா ஒரு நாற்காலி. ஆஸ்பத்திரிக்கு அவதான் கூட்டிட்டுப் போறா. ராத்திரியில கால் வீங்குதுன்னு எண்ணெய் தேச்சு விடுறாளாம். இதெல்லாம் எதுக்குப் பண்றா? எங்கிட்டருந்து பிரிக்கத்தான். எனக்குத் தெரியாதா இந்த வேலையெல்லாம்.

இரு, ஊத்து ஸ்டாப்பு வந்திருச்சு, வாழைத்தார் ஏத்துவாங்க. கொஞ்ச நேரம் நிக்கும். நீ காலை உள்ள இழுத்துக்க.

ஆங், என்ன சொன்னேன். போன ஆயுத பூசை. ரஞ்சனிக்கு அப்ப நாலு மாசம். நான் ஒரு வாரம் இருந்துட்டு வரலாம்னு போயிருந்தேன். பூசைக்கு முந்தின நாளு கடைச் சாமானெல்லாம் கழுவி வைக்கிறாங்க. தராசு, கத்தி, பாத்திரம், பண்டம், எல்லாம் பளபளங்குது. இந்த மூணு தட்டு மட்டும் கருப்பா நிக்குது. லோகமணி இடுப்புல கைய வச்சுக்கிட்டுப் பாத்தா. பாத்துட்டு எங்கிட்ட வந்தா.

சம்பந்தி, சாமிக்கு முன்னால வைக்கிற சாமான் இப்படியா இருக்கும், வெள்ளி மாதிரி வெளுக்க வெளக்கி வச்சுருங்கன்னா. அதோட விட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன் தாயி. சத்தியமா சொல்லியிருப்பேன். இது அழுக்கில்ல சம்பந்தி, பழக்கினதுன்னு சொல்ல வாயத் தொறந்துட்டேன். அதுக்குள்ள அடுத்ததச் சொல்லிட்டா. உங்களுக்கென்ன, பத்து வருசம் பாத்திரம் வெளக்கின கை, பழக்கம்தானேன்னா.

பழக்கம்தானேங்கிறா. எம் பொண்ணு அங்க நிக்கிறா. கடைப் பையங்க நிக்கிறாங்க.

நான் தொறந்த வாய மூடிக்கிட்டேன். சரிங்க சம்பந்தின்னேன். நல்லா சிரிச்சுக்கிட்டே சொன்னேன். உள்ளுக்குள்ள, வாடி மகளே, வெள்ளி மாதிரியா வேணும், தர்றேன்டின்னு நெனச்சேன்.

கரி அடுப்பை மூட்டி மூணையும் உள்ள போட்டுச் சிவக்கச் சுட்டேன். ஒண்ணரை வருசப் பழக்கம், அதுக்கு முன்னால நான் முப்பது நாள் போட்ட உழைப்பு, எல்லாம் கருகிப் பொடிப்பொடியா உதிர்ந்துச்சு. ஆறினதும் புளி. அரைக் கிலோ புளி. கல்லுப்பு, செங்கப்பொடி. அடிச்சுத் தேச்சேன் பாரு, இந்தக் கையால பழக்கினத இந்தக் கையாலயே உரிச்சேன். வெள்ளையா, அம்மணமா நின்னுச்சு இரும்பு. அதை வெயில்ல காட்டி மினுமினுன்னு லோகமணி கையிலயே குடுத்தேன். அவளுக்கு வாயெல்லாம் பல்லு. பாத்தீங்களா, இம்புட்டு நாளும் இந்தப் பளபளப்பு இதுக்குள்ளதான் இருந்திருக்குன்னா.

அதுக்கு மேல அவளே பண்ணா. நான் ஒண்ணும் பண்ணல, அதையும் சொல்லிடறேன். சந்தனத்தக் கொழ கொழன்னு கரைச்சு ஒவ்வொரு கம்பிக்கும் மூணு மூணு பட்டை. அது மேல குங்குமம். பூவைத் தண்ணி தெளிச்சு மேல போட்டா. பூசைக்கு வச்ச சாமானைத் தொடக் கூடாதுல்ல, மறுநாளும் அப்படியே இருந்துச்சு. எண்ணெய் இல்லாத பச்சை இரும்பு, மேல ஈரச் சந்தனம், வெளிய ஐப்பசி மழை. நான் அந்தப் பூசை ரூம்பு பக்கமே தலை வச்சுப் படுக்கல.

ஞாயித்துக்கிழமை யாருக்கு ஆர்டருன்னு நெனக்கிற? லோகமணியோட அண்ணன் பேரனுக்குக் காதுகுத்து. நூத்தம்பது பேரு. அவ பொறந்த வீட்டு சனம் அம்புட்டும் எங்க கடைக் கோழியத் திங்க வருது. நான் எண்ணி எண்ணி வச்சிருந்தேன். எங்க ஆளுகளுக்கு முன்னால அவ என்னையப் பாத்துச் சிரிக்க வச்சாள்ல, அவ ஆளுகளுக்கு முன்னால அவ சிரிப்பா சிரிக்கணும்.

காலையில பூவை எடுத்தா, சந்தனத்துக்கு அடியில பூரா செவப்பு. கம்பி முழுக்கத் துரு பூத்துப் போச்சு. லோகமணிக்குக் கை காலு ஓடல. துணிய எடுத்துத் துடைக்கிறா, எண்ணெயத் தடவுறா. ஒரு மணி நேரத்துல அடங்குற காரியமா அது? நான் திண்டுல உக்காந்து பூக் கட்டிக்கிட்டிருந்தேன். சம்பந்தி, என்ன பண்றதுன்னு கேட்டா. எனக்கு என்னங்க தெரியும், வெளக்கத்தான் பழக்கம்னேன்.

நல்லாச் சொன்னேன்ல. நீ சிரிச்சாலும் சரி, சிரிக்காட்டியும் சரி, அந்த நிமிசம் எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா. கடை திறப்பு அன்னைக்குக் குடிக்காத தண்ணிய அப்பக் குடிச்ச மாதிரி இருந்துச்சு.

அப்புறம் கோழி. போட்டது போட்டபடி ஒட்டிக்கிச்சு. தோலு ஒரு பக்கம், கறி ஒரு பக்கம். பிச்சு எடுத்தா செவப்புச் செவப்பா ஏடு ஒட்டிக்கிட்டு வருது. முதப் பந்தியிலேயே ஒரு பெரியவரு எலையை மடிச்சுட்டு எந்திரிச்சாரு. என்னம்மா லோகமணி, ஆணியையும் சேத்துச் சுட்டுட்டியான்னு கேட்டாரு. அவ அண்ணன் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

நான் நெனச்சது நடந்துச்சுல்ல. நடந்துச்சு. நெனச்சதுக்கு மேலயே நடந்துச்சு.

என்னன்னா, அடுப்புல நின்னது ரஞ்சனி.

அதை நான் எதிர்பாக்கல. அடுப்புக்குன்னு ஒரு மாஸ்டர் இருக்கான், போடிக்காரன். அவன் பூசைக்கு ஊருக்குப் போயிருந்தான். ரஞ்சனி வியாழக்கிழமையே சொன்னாதான், மாஸ்டர் வரமாட்டாரும்மா, ஞாயித்துக்கிழமை நான்தான் நிக்கணும்னு. சொன்னா. நான் அப்ப புளி வாங்கிட்டு வர்ற நெனப்புல இருந்தேன். ஒரு காதுல வாங்கி ஒரு காதுல விட்டுட்டேன். மாப்பிள்ளை பந்தியில ஓடிக்கிட்டிருக்காரு. இவ வயித்துப்புள்ளையோட கரி அடுப்புக்கிட்ட நின்னுக்கிட்டு ஒட்டுன கோழிய நெம்புறா, நெம்புறா. நானும் பக்கத்துலதான் இருந்தேன். விடு ரஞ்சனின்னு சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரல. சொன்னா எல்லாம் வெளிய வந்துரும்ல.

தட்டு சரிஞ்சுச்சு. விழுந்துரும்னு கைய நீட்டிட்டா. முழங்கைக்குக் கீழ, இந்த எடத்துல, பழுக்கக் காய்ஞ்ச கம்பி. மூணு கோடு. கோழியில விழுற அதே கோடு. கத்துனா.

எப்படிக் கத்துனாங்கிறத அப்புறம் சொல்றேன்.

லோகமணி முன்னால கல்லாவுல இருந்தவ எப்படித்தான் வந்தாளோ. செருப்பு ஒரு பக்கம், சேலை ஒரு பக்கம். ரஞ்சனியோட கையத் தொட்டித் தண்ணிக்குள்ள விட்டுப் புடிச்சுக்கிட்டே நின்னா, அரை மணி நேரம். அப்புறம் ஆஸ்பத்திரி. ஆனா போறதுக்கு முன்னால ஒண்ணு பண்ணா பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல. பந்தியில எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாங்க. இவ அங்க நின்னு சொல்றா. எம் மேலதான் தப்பு, அந்தக் கருப்ப அழுக்குன்னு நெனச்சுட்டேன், சம்பந்தி பழக்கி வச்ச சாமானை நான்தான் வெளக்கச் சொன்னேன், எம் புத்தியச் செருப்பால அடிக்கணும், யாரும் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்கன்னா.

எவ்வளவு சாமர்த்தியம் பாத்தியா. எல்லாரும் உச்சுக் கொட்டுறாங்க. அவளைத் தட்டிக் குடுக்குறாங்க. அவ அண்ணன் கண்ணைத் தொடைக்கிறாரு. நான் ஒண்ணரை வருசம் காத்திருந்து ஒண்ணு செஞ்சேன், அவ ஒரு நிமிசத்துல அதைத் தன் தலையில போட்டுக்கிட்டு நல்லவளாயிட்டா. எனக்கு அங்க நிக்க எடம் இல்ல. ஒரு மூலையில கட்டுன பூவைப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.

சாயங்காலம் ரஞ்சனி கட்டுப் போட்டுக்கிட்டு வந்தா. எம் பக்கத்துல உக்காந்தா. அப்புறம் கேட்டா, உனக்குத் தெரியும்லம்மான்னு.

என்னத்தடின்னேன்.

பழக்குன இரும்புக்குப் புளி காட்டக் கூடாதுன்னு எனக்கு நீதானம்மா சொல்லிக் குடுத்த. ஏழாங் கிளாஸ் படிக்கையில பங்களாவுல ஒரு தட்டை நான் புளி போட்டுத் தேச்சுட்டேன்னு என்னைய அடிச்சியேம்மா. நீ பாத்துச் சரியாச் செய்வேன்னுதானே நானும் சும்மா இருந்தேன். அப்ப உனக்குத் தெரியும்லன்னா.

உங்க அத்தைதான்டி சொன்னா, நான் செஞ்சேன், சொன்னதச் செஞ்சது ஒரு குத்தமான்னு கேட்டேன். நியாயமாத்தானே கேட்டேன்? அவ எந்திரிச்சு உள்ள போயிட்டா. மறுநாள் நான் பஸ் ஏறிட்டேன்.

அதுலருந்து அஞ்சு மாசம். போன் பண்ணா எடுப்பா. சாப்பிட்டேன், தூங்குறேன், செக்கப் போனேன். வைக்கட்டாம்மா. அம்புட்டுதான். ஒரு நாள் வாழைக்காய் ஏத்த வந்த வண்டியில இந்த மூணு தட்டும் வந்து எறங்குச்சு. துருப்புடிச்சபடியே. கடைக்குப் புதுசு வாங்கிட்டாங்களாம். யாரு அனுப்புனா, என்ன சொல்லி அனுப்புனான்னு டிரைவர்கிட்டக் கேட்டேன். பொண்ணுதான் அனுப்புச்சு, ஒண்ணும் சொல்லலைன்னான்.

போன மாசம் போன்ல சொல்றா. வளைகாப்புக்கு வந்துட்டுப் போம்மா. ஆனா நான் ஊருக்கு வரல. பிரசவம் இங்கேயே பாத்துக்கிறேன், ஆஸ்பத்திரி பக்கம், அத்தை இருக்காங்கன்னு.

மொதப் பிரசவம், தாயி. தலைச்சன் புள்ள. எந்த ஊருல மாமியா வீட்டுல பாக்குறாங்க? வளைகாப்பு முடிஞ்சதும் பெத்தவ கூட்டிட்டுப் போகணும், அதுதானே மொறை. நான் ரூம்புக்கு வெள்ளையடிச்சுட்டேன். தொட்டிலுக்கு எங் கல்யாணச் சேலைய எடுத்துத் தொவச்சு வச்சுட்டேன். புள்ளை பெத்தவளுக்குக் குடுக்கிற காயப்பொடி இடிச்சுட்டேன். வரலையாம். இவ வரலைங்கல, அவ விட மாட்டேங்குறா. எனக்குத் தெரியும். அன்னைக்கு நான் பண்ணுனதுக்கு லோகமணி இப்பத் திருப்பிக் குடுக்குறா. பழிக்குப் பழி. வேற என்னத்த?

நான் விடுவேனா. மாப்பிள்ளைக்குப் போன் பண்ணிக் கேட்டேன், உங்க அம்மா எதுக்குத் தடுக்குதுன்னு. அவரு சொல்றாரு, அம்மா தினமும் சொல்லிக்கிட்டுத்தான் அத்தே இருக்கு, தாய்வீட்டுக்குப் போய் இருந்துட்டு வாம்மான்னு, ரஞ்சனிதான் மாட்டேங்குறான்னு. மகன் அம்மாவ விட்டுக் குடுப்பானா? அதெல்லாம் சொல்லி வச்சுப் பேசுறது.

அதான் சாக்கை எடுத்தேன். மறுபடி முப்பது நாள். ஒரு தடவை பழக்கி உரிச்ச இரும்பை மறுபடி பழக்குறது லேசுப்பட்ட வேலை இல்ல, ரெண்டு பங்கு. குழி குழியா துரு தின்னு வச்சிருக்கு. மொத எண்ணெய் புடிக்கவே இல்ல, திட்டுத் திட்டா நிக்குது. சுரண்டிட்டு மறுபடி. இந்த வாட்டி பன்னெண்டு தடவை எண்ணெய். கையப் பாரு. இன்னும் ஆறல.

நாளைக்கு என்ன சொல்லணும்னு எல்லாம் மனசுல வச்சிருக்கேன். சீர்த்தட்டுல நடுவுல இதை வைப்பேன். லோகமணி வாசல்ல நிப்பா. சம்பந்தி, கரி புடிச்ச இரும்பு மறுபடி வந்திருக்கு, நல்லாப் பாத்துக்கங்க, இது அழுக்கில்ல, இது பேருதான் பழக்கம். இப்ப எம் பொண்ண எங்கூட அனுப்புங்க. அம்புட்டுதான் சொல்லுவேன். எல்லாரும் இருக்கும்போது.

எதுக்கு அப்படிப் பாக்குற. நல்லா இல்லையா? நானும் நேத்துலருந்து சொல்லிச் சொல்லிப் பாக்குறேன். அடுப்படியில சொல்லும்போது நல்லாத்தான் இருந்துச்சு. அவ பாட்டுக்கு உள்ள வாங்க சம்பந்தின்னு தட்ட ரெண்டு கையாலயும் வாங்கிட்டான்னா என்ன பண்றதுன்னுதான் தெரியல. அவ செஞ்சாலும் செய்வா. அப்ப நான் யாருகிட்டச் சண்டை போடுறது.

வத்தலக்குண்டு வந்திருச்சு. நீ எறங்கி இந்தப் பக்கம் மதுரை வண்டிய புடி. நான் எதுத்தாப்புல தேனி வண்டி. இரு இரு, சாக்கு ஒரு முனைய மட்டும் புடிச்சு எறக்கி விடு. கால் பத்திரம்.

ஒண்ணு கேக்கணும் உங்கிட்ட. அப்புறம் சொல்றேன்னு சொன்னேன்ல. நீ ஏறி உக்காரும்போது இதுல இடிச்சுக்கிட்டியே, என்னன்னு கத்துன?

அம்மான்னுதானே. உங்க அம்மா விருதுநகர்ல இருக்கு. பண்ணைக்காட்டுல நீ கத்துனா அதுக்குக் கேக்கவா போகுது. கேக்காதுன்னு உனக்கும் தெரியும். ஆனாலும் வாயில அதுதானே வருது. எல்லாருக்கும் அதுதானே வரும்.

எம் பொண்ணு அத்தேன்னு கத்துனா.

நான் ரெண்டு எட்டு தள்ளித்தான் தாயி நின்னுக்கிட்டிருந்தேன்.